பட்டுக்கூட்டில் ஈரல்

பலமநேர் சந்தையில் விலை போகாத கூடுகளை
தஸ்தகீர் எங்களுக்கு ஒதுக்கி வைப்பான்:
கறை பட்டது, இரட்டைக் கூடு, நசுங்கியது.
"சேலைக்கு ஆகாது மேடம், உங்க புழுவுக்கு ஆகும்."
புழு இல்லை என்று பலமுறை சொல்லியாகிவிட்டது.

சோடா உப்பில் கொதிக்கவைத்துப்
பசை போக அலசி,
கரைத்து, வடித்து,
அச்சில் ஊற்றி உப்புக்கல் தூவி
இறுகியபின் உப்பைத் தண்ணீரில் போகவிட்டால்
உப்பிருந்த இடமெல்லாம் அறை.
பிட்ட இட்லியின் உட்புறம் போல.
ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகமளவு.

அதில்தான் குடியேறியது
இருபத்தேழாம் எண் ஈரல்.

எண்ணுக்குப் பெயர் கூடாது, அது விதி.
ஆனால் படிவத்தை வாசித்துக் காட்டியவள் நான்.
குப்பம் ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு, ஜன்னலோரம்.
படிவம் தெலுங்கில், அவர் கேள்விகள் தமிழில்.
ஆட்டு வியாபாரி.
ஈரலில் நாய்ப்புழுக் கட்டி, தேங்காய்ப் பருமன்.
அதை வெட்டும்போது ஓரத்தில் கொஞ்சம்
நல்ல ஈரலும் சேர்ந்து வரும்,
அந்தக் கொஞ்சத்தைத்தான் கேட்கிறோம் என்றேன்.
"ஈரல் கிலோ என்ன விலைன்னு எனக்கா தெரியாது?"
தையல் விழாத வயிறு குலுங்கச் சிரித்தார்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"அதுமேல காமாலைய விடுவீங்களே,
அதுக்கு நோவுமா?"

நோவாது, நரம்பு கிடையாது என்றேன்.
ஈரக்குலை நடுங்குகிறது என்று சொல்லும் பாஷையில்
இது பாதிப் பதில்தான்.
கையெழுத்துத் தமிழில் போட்டார்.
முதல் எழுத்து தீ.
அதற்குமேல் சொல்லமாட்டேன்.

ஐந்தாம் நாள் நுண்ணோக்கியில்
செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே ஒளிக்கோடு.
பித்தம் போக வாய்க்கால்.
பித்தப்பை இல்லை, குடல் இல்லை,
போய்ச் சேர ஒரு மடை இல்லை.
வெட்டிக்கொண்டே இருக்கின்றன.

வைரஸ் சாவடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.
மூன்று வாரம் விடாத மழை,
குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒட்டிப் படுத்த தெரு,
நாற்பது வீட்டில் மஞ்சள் கண்.
கீழாநெல்லி தேடி வரப்பெல்லாம் மொட்டையானது.
மற்றவர்கள் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள்.
ஏழு மாதக்காரி ஒருத்தி எழவில்லை.
சின்னக் குப்பியில் அவளுக்கும் ஓர் எண்.
அவளுடைய முதல் எழுத்து எனக்குத் தெரியாது.

ஏன் அவளை மட்டும்?
வனஜாட்சி மேடத்தின் கேள்வி அதுதான்,
மூன்று வருடமாய் அதேதான்.
ஆகவே பாதிக் குழிகளில்
ஏழாம் மாதத்து ஹார்மோனைச் சொட்டினோம்.
ஆட்டு வியாபாரியின் ஈரல்
இப்போது சூல் கொண்டிருக்கிறது.
இதைப் படிவத்தில் ஒரு வரியாக வாசித்திருந்தேன்.
அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் காலை திறந்தால்
ஊட்டநீர் மஞ்சளாகியிருந்தது.
கை குளிர்ந்துவிட்டது எனக்கு.
காமாலை இல்லை, வெறும் புளிப்பு,
சிவப்புச் சாயம் அமிலத்தில் அப்படித்தான் மாறும்
என்று எனக்கே நான் பாடம் எடுத்தேன்.
"காமாலைக் கண்ணுக்கு..." என்று தொடங்கிய மேடம்
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
நீரை மாற்றினேன். சிவப்பு.

பதினோராம் நாள் தையல் பிரிக்க வந்தவர்
மாடியேறி எங்கள் கதவைத் தட்டினார்.
"வெட்டின இடம் வளந்துடுமாம், டாக்டர் சொன்னாரு.
அங்க?"
அங்கே வளராது, வேலை மட்டும் செய்யும் என்றேன்.
"என்னைய மாதிரிதான்," என்று
வயிற்றைப் பிடித்தபடி இறங்கினார்.
கீழே மினி லாரியில் ஆடுகள் கத்தின.

அன்று மாலை வளைகோடு வந்தது.
ஹார்மோன் விட்ட குழிகளில்
வைரஸ் முன்னதாகவே ஏறியிருந்தது.
மேடம் திரையைத் தொட்டுப் பார்த்தார், சூடா என்பது போல.
பிறகு, "ஒரு ஆளோட ஈரலை வெச்சு
எதுவும் சொல்ல முடியாது" என்றார்.
இன்னும் ஐந்து பேராவது வேண்டும்.

தஸ்தகீருக்குப் போன் போட்டு
அரைக் கிலோ கேட்டேன்.
"புழு சௌக்கியமா மேடம்?"
இந்த முறை திருத்தவில்லை.
இருபத்தெட்டாம் படிவத்தை எடுத்துக்கொண்டு
பெண்கள் வார்டுக்கு நடந்தேன்,
அந்த ஒரு வரியை
இருமுறை வாசிக்க வேண்டும் என்று நினைத்தபடி.